வீட்டை வாயடைக்கும் வைத்தியம்

குழந்தைக்குப் பேச்சு வரவில்லையே என்று கலங்கி ஸ்பீச் தெரபிஸ்டைத் தேடிப் போகும் பெற்றோரிடம், "இனி வீட்டில் தமிழ் வேண்டாம், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லியனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு வைத்தியம் என்று பெயர். அநியாயம் என்பது என் கட்சி.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதப்படும் என்பது ஆராய்ச்சியில் நிற்காத நம்பிக்கை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளும், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுமேகூட இரு மொழிகளைக் கற்கிறார்கள். பின் எதற்கு இந்தத் தடையுத்தரவு?

அளவுகோல் இங்கிலீஷில் செய்தது, அதுதான் சங்கதி. இரண்டு வயதில் குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும் என்பது விதி. இருக்கட்டும். நம் வீட்டுக் குழந்தை, "வரமாட்டேன்" என்கிறது. நான் என்பதும், வருவது என்பதும், முடியாது என்பதும் அந்த ஒரே சொல்லில் அடக்கம். இங்கிலீஷ்காரக் குழந்தைக்கு இதற்கு மூன்று சொல் வேண்டும். சொல்லை மட்டும் எண்ணுகிறவரோ, நம் குழந்தைக்கு 'ஒன்று' என்று குறித்துக்கொள்வார்!

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் தெரபிஸ்டிடம் குழந்தை இருப்பது வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மிச்சப் பொழுதெல்லாம் வீட்டில். காது கேட்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் எப்படிப் பேச வேண்டும், பதிலுக்கு எவ்வளவு பொறுத்திருக்க வேண்டும் என்று தாய்க்குக் கற்றுத் தருவதே இந்தத் தொழிலின் உயிர். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்த தாய் என்ன பேசுவாள்? "கம்", "சிட்", "ஈட்". கதை போயிற்று, கொஞ்சல் போயிற்று, கட்டளைதான் மிச்சம். பாட்டிக்கோ அதுவும் இல்லை. பேரனைக் கண்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் தொழிலைக் கற்பிக்க மைசூரில் 1965-லேயே மத்திய சர்க்கார் ஒரு நிறுவனம் கண்டது. நம் மொழிகளிலேயே சோதனைகளை உருவாக்கியவர்கள் அந்தத் துறையில் உண்டு. அவர்களுடைய உழைப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்நிய அளவுகோலைத் தூக்கிப் பிடிப்பது சோம்பலே தவிர சாஸ்திரமல்ல.

பெற்றோர்களே, அடுத்த முறை இந்த யோசனையைக் கேட்டால், "ஆதாரம் என்ன?" என்று கேளுங்கள். ஒரு குழந்தையைப் பேசவைக்க ஒரு வீட்டையே வாயடைக்கச் சொல்கிறவர், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.