சைலஜா டீச்சருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவரிடம் சுகாதாரத் துறையைக் கொடுக்கலாமா, அங்கே ஒரு மருத்துவர் அல்லவா அமர வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம், கேரளத்தின் முன்னாள் சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா விஷயத்தில் நிற்காது.

வகுப்பறையிலிருந்து நேராக அமைச்சர் நாற்காலிக்கு வந்தவர் அல்லர் அவர். கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். 1996இல் கூத்துப்பறம்பிலும் 2006இல் பேராவூரிலும் வென்று சட்டமன்றம் சென்றார். பள்ளி வேலையை 2004இல் விட்டார். 2016இல் அமைச்சரானபோது இருபதாண்டு அரசியல் அனுபவம் அவருக்குப் பின்னால் இருந்தது.

மருத்துவம் தெரியாது என்கிறார்களே, அது உண்மைதான். ஆனால் அமைச்சர் ஊசி போடுவதில்லை. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பகுதியில் நிபா பரவியது. நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியே இறந்துபோனார். பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். சைலஜா மருத்துவர்களை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனார். பஞ்சாயத்து அலுவலகத்தில் மக்களைக் கூட்டி, இது நேரடித் தொடர்பில்தான் தொற்றும், இருமுகிறவரிடமிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருங்கள், யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்று விளக்கினார். வைரஸைப் பற்றி அவருக்குச் சொன்னவர்கள் மருத்துவர்கள்; மிரண்டுபோன ஒரு கூட்டத்துக்கு அதைப் புரியவைத்தவர் டீச்சர். அன்று அந்த ஊருக்கு இரண்டும் வேண்டியிருந்தன. எனக்கு இதைவிடப் பெரிய நிர்வாகத் தகுதி தெரியவில்லை.

எல்லாம் கேரளத்தின் பழைய கட்டமைப்பின் பலன், அவருக்கென்ன பங்கு என்பார்கள் சிலர். பாதி சரி. ஆஸ்பத்திரிகளும் ஊழியர்களும் அவருக்கு முன்பே இருந்தார்கள். ஆனால் கட்டமைப்பு தானாக எழுந்து வேலை செய்யாது. சீனாவில் புது வைரஸ் என்று படித்ததுமே, அது இங்கும் வருமா என்று தம் துறை மருத்துவரிடம் கேட்டார் அவர். நாட்டின் முதல் கொரோனா தொற்று திருச்சூரில் உறுதியானது 2020 ஜனவரி 30 அன்று. கேரளத்தில் கட்டுப்பாட்டு அறை ஜனவரி 24ஆம் தேதியே திறந்தாயிற்று. 14 மாவட்டங்களுக்கும் அதே உத்தரவு போயிருந்தது.

குறை இல்லையா? உண்டு. கொரோனா காலத்தில் கவச உடைகளைக் கூடுதல் விலைக்கு வாங்கியதைத் தணிக்கை அறிக்கை பின்னர் சுட்டிக்காட்டியது. அதற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது கொள்முதல் பற்றிய கேள்வி. எம்.பி.பி.எஸ். படித்தவர் அமைச்சராக இருந்தாலும் அதே கேள்விதான் எழும்.

சரியாகச் செய்திருந்தால் 2021இல் ஏன் அமைச்சராக்கவில்லை என்பது இன்னொரு வாதம். அந்தத் தேர்தலில் மட்டன்னூர் மக்கள் அவரை 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்தார்கள். மாநிலத்திலேயே அதுதான் அதிகம். முதல்வரைத் தவிர, முந்தைய அமைச்சரவையிலிருந்த தன் ஆட்கள் எல்லாரையுமே சைலஜாவின் கட்சி விலக்கியது. அவரும் அதில் ஒருவர், அவ்வளவுதான்.