குற்றாலத்துக்கு யார் பொறுப்பு?

சாரல் தொடங்கிவிட்டால், சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் குற்றாலம் பேரூராட்சி ஒரு பெருநகரத்தின் நெரிசலைச் சுமக்கிறது. ஆனால் அந்த நெரிசலை ஆள்வது யார் என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. தண்ணீர் வரும் மலை வனத்துறையிடம். பேரருவியை ஒட்டிய குற்றாலநாதர் கோயில் அறநிலையத்துறையிடம். குளிக்கத் தடை போடுவது மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும். குப்பை அள்ளுவது பேரூராட்சி. பழைய குற்றாலமோ ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லை. ஒரே நாளில் பல அருவிகளில் குளித்துவிட்டுப் போகிறவருக்கு இந்த எல்லைகள் தெரியாது. விபத்து நடந்தால்தான் அவை வெளியே வருகின்றன. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அதன்பிறகு அருவி யார் கட்டுப்பாட்டில் இருப்பது என்ற இழுபறிதான் பெரிதாகப் பேசப்பட்டது. மலையில் பெய்யும் மழையைக் கீழே குளிப்பவருக்கு முன்கூட்டியே சொல்வது யார் வேலை என்பதல்லவா முதல் கேள்வி?

நகராட்சிகளுக்கு உயிர் கொடுக்க வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-லேயே நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கான 18 பணிகள் உள்ளன. இருந்தும் தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லாமல் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. அத்தனை சீசன்களிலும் வாக்காளர் கேள்வி கேட்க ஆளில்லை. இப்போது பேரூராட்சிக்குத் தலைவர் உண்டு. ஆனால் செயல் அலுவலரை நியமிப்பதும் மாற்றுவதும் அரசு.

ஆட்சியர் எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைக்கிறாரே, அது போதாதா எனலாம். 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டம் முழுவதையும் பார்க்கும் அவர், அடுத்த சீசனில் வேறு மாவட்டத்தில் இருக்கக்கூடும். தலைவரிடம் அதிகாரம் தந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வியும் நியாயமே. காவல் ஆணையரையே நியமிக்கும் நியூயார்க் மேயராலும் வாகன நெரிசல் கட்டணத்தைத் தானாகக் கொண்டுவர முடியவில்லை. 2019-இல் மாநிலச் சட்டமன்றம் வழிவிட்டது, 2024-இல் ஆளுநர் நிறுத்திவைத்தார், 2025 ஜனவரியில்தான் வசூல் தொடங்கியது. ஆனால் நிறுத்தியவர் யார் என்பது அந்த ஊர் வாக்காளருக்குத் தெரியும். அங்கே ஆளுநரும் வாக்குக் கேட்டு வரவேண்டியவர். குற்றாலத்தில் இல்லாதது இந்தத் தெளிவுதான்.

உள்ளூர் அரசியல்வாதியிடம் கொடுத்தால் கடை ஏலமும் வசூலும் அவர் பைக்குள் போய்விடும் என்பார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கும் இடத்தில் முறைகேட்டைப் பிடிப்பது இன்னும் கடினம். குற்றாலம், ஆயிரப்பேரி, மேலகரம், இலஞ்சி, தென்காசி ஆகிய உள்ளாட்சிகளின் தலைவர்கள் நடத்தும் ஒரு கூட்டுக் குழுவைச் சட்டப்படி அமைக்கட்டும். வனம் வனத்துறையிடமே இருக்கட்டும். வெள்ள எச்சரிக்கை, போக்குவரத்து, கழிவு மூன்றுக்கும் அக்குழுவே பதில் சொல்லட்டும். சீசன் வரவு செலவு, தணிக்கையுடன் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படட்டும். அருவிக் கழிவு சிற்றாறு வழியே தென்காசிக்கும் வருகிறது. ஆகவே இது குற்றாலத்தாரின் கோரிக்கை மட்டுமல்ல.