‘சும்மா’ இருந்தவளும் சும்மா இருக்கவே முடியாதவளும்

பிள்ளை வளர்ப்பதற்காக ஐந்து வருசமோ எட்டு வருசமோ வீட்டோடு இருந்துவிட்டு மறுபடியும் வேலை தேடிப் போகிற பெண்ணிடம், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற முதல் கேள்வி: “இத்தனை வருசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?” அவளும் களவு செய்து பிடிபட்டவள் போலத் தலையைக் குனிந்து, “வூட்டுல சும்மாதான் சார் இருந்தேன்” என்கிறாள்.

இந்தச் ‘சும்மா’வை அவள் வாயில் வைத்தது யார்? அரசாங்கமே வைத்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிறவள் ‘உழைக்காதவர்’ பட்டியலில் வருகிறாள். பிச்சையெடுப்பவர்களும் அதே பட்டியலில்தான். ஆனால் இதே அரசின் புள்ளியியல் துறை 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு என்ன சொன்னது? வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் கூலியில்லாமல் உழைக்கிறாள். ஆண் 97 நிமிடம். பிள்ளைகளைப் பார்ப்பதும் நோயாளிகளைப் பார்ப்பதும் இதில் சேராது, அது தனிக் கணக்கு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முதுகொடிய வேலை செய்கிறவளுக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘உழைக்காதவர்’. அடேங்கப்பா!

இதுவரை சொன்னது எல்லாச் சாதிப் பெண்ணுக்கும் பொது. “பெண்கள் எல்லாரும் ஒரே சாதி” என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இடத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். நமக்கு இங்கேதான் பேச்சே தொடங்குகிறது.

‘வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள்’ என்று இப்போது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கணினிக் கம்பெனிகள் அவர்களுக்கென்று தனியாக ஆள் எடுக்கின்றன, தனியாகப் பயிற்சி கொடுக்கின்றன. கொடுக்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் போக வேண்டுமென்றால் முதலில் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? நம் அம்மாக்களில், ஆயாக்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? தீட்டு கழிவதற்கு முன்பே நடவுக்குப் போனவர்கள் அவர்கள். வரப்போரத்து வேலமரத்தில் தூளியைக் கட்டிவிட்டு, எறும்பு மொய்க்கிறதா, பாம்பு வருகிறதா என்று ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொண்டே குனிந்து நட்டவர்கள். பால் கொடுக்கக் கரையேறினால், “எத்தினி வாட்டிடீ ஏறுவ? கூலி எதுக்குக் குடுக்குறன்?” என்று ஆண்டை கத்துவான். கூலியில் பிடித்துக்கொள்வான். அவர்கள் பிள்ளை வளர்த்ததும் வேலை, வயலில் நின்றதும் வேலை. இரண்டுக்கும் நடுவே ‘இடைவெளி’ என்று ஒரு கோடு போட அவர்களிடம் இடமே இருந்ததில்லை.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டதே என்பவர்கள் நகரத்துக்கு வந்து பார்க்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு அம்மா ஆறு வருசம் கழித்து மறுபடியும் ஆபீசுக்குப் போகிறாள். எப்படிப் போக முடிகிறது? அவள் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றி, மத்தியானம் இறக்கி வைத்துக்கொள்ள ஒரு ‘ஆயாம்மா’ வருகிறாள். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறாள். நகரத்துக்கு உள்ளே ஆற்றங்கரையில் இருந்தவளைத்தான் வீட்டை இடித்து அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். இப்போது அவள் இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வருகிறாள். சரி, அந்த ஆயாம்மாவின் பிள்ளையை யார் பார்ப்பது? பெரிய பெண். அவள் பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டம் போடுவாள், அப்புறம் மூன்று நாள், அப்புறம் நின்றேவிடுவாள். அங்கே ஒருத்தி வேலைக்குத் திரும்பியதற்கு இங்கே ஒருத்தி எட்டாம் வகுப்போடு விலை கொடுத்தாள். பெண் விடுதலை பேசுகிற எந்தக் கட்டுரையிலாவது இந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்று வாதாடினார். அடுத்த ஆண்டே பம்பாயில் சட்டம் வந்தது. பிறகு வைசிராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, சுரங்கத்தில் வேலை செய்த பெண்களுக்கான பேறுகாலச் சட்டத்தில் 1943இல் திருத்தம் கொண்டுவந்தவரும் அவர்தான். கரி சுமந்தவளையும் நூல் நூற்றவளையும் மனசில் வைத்து அவர் பேசியதை, பின்னால் வந்தவர்கள் யாருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைக்கும் நிறுவனத்துக்கும் பொருந்தியது. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்ததற்குக் கணக்கு வேண்டும். 2017இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள், 50 பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதையே எடுத்து வைத்துக்கொண்டது. இதில் வீட்டு வேலைக்காரி எங்கே இருக்கிறாள்? செங்கல் சூளைக்காரி, களை பறிக்கிறவள் எங்கே?

அவளுக்குத்தான் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் கொடுக்கிறோமே என்பார்கள். ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் விலையையும் சேர்த்துத்தான் அந்த 18,000. அதை 26 வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. நிரந்தர அரசு ஊழியருக்கு 2021இலிருந்து முழுச் சம்பளத்தோடு ஒரு வருசம் விடுப்பு. அதே அரசாங்கத்தின் குப்பையை அள்ளுகிற ஒப்பந்தப் பெண்ணோ மூன்று மாதம் வராவிட்டால் மேஸ்திரியின் நோட்டில் பெயர் இருக்காது. திரும்பி வரும்போது பத்து வருசம் பெருக்கியவளும் ‘புது ஆள்’தான். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள், நம் பெண்கள். ராத்திரியோடு ராத்திரியாக போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டது ஆகாயத்தையா? செய்த வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்றார்கள். நிரந்தரம் என்றால் பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பி வந்தாலும் வேலை அங்கேயே இருக்கும் என்பதும் அதற்குள் அடக்கம்.

நூறு நாள் வேலைக்கென்று 2005இல் போட்ட சட்டத்தில் ஒரு நல்ல விதி எழுதினார்கள். வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் ஏரி வேலையில் அப்படி ஒரு பெண்ணைக் கண்டிருந்தால் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடலாம்.

இனி, நம்மில் படித்தவர்களின் கதை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் மூவாயிரத்துக்கோ நாலாயிரத்துக்கோ வேலை பார்த்தவள். கல்யாணம், இரண்டு பிள்ளை, வீடு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தவறினால் மூப்பு போச்சு. வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இருந்தவளுக்கு அந்தத் தேதி எப்படி நினைவிருக்கும்? அரசு அவ்வப்போது சலுகை அறிவிக்கிறது, அந்தச் செய்தி காலனித் தெருவுக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வேறு வந்தது. பிள்ளை தூங்கின பிறகு படிக்கிறவளும், மாசம் பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் உட்கார்ந்து படிக்கிறவளும் ஒரே தாளை எழுத வேண்டும். இதற்குப் பெயர் ‘தகுதி’யாம்!

தனியார் பள்ளிக்கே திரும்பிப் போகலாம் என்றால், அங்கே வேலை விளம்பரத்தில் வருவதில்லை, வாய்வழியாக வருகிறது. முதலியார் பள்ளியில் முதலியார் வீட்டு மருமகள் பத்து வருசம் கழித்து வந்தாலும், “நம்ம பொண்ணு, பாவம், வீட்டிலேயே இருந்துட்டா” என்று எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு இடைவெளி பரிதாபம். நம்மவளுக்கு அதுவே தகுதியின்மை. விண்ணப்பத்தில் முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ‘காலனி’ என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025இல் அறிவித்தார்கள். நல்லது. அந்தப் பார்வையை எந்த அரசாணையால் நீக்குவது?

சத்துணவுக்கூடமாவது கிடைக்காதா என்று சிலர் போகிறார்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்து அரசுப் பள்ளியில் என்ன நடந்தது? சமைக்க வந்தவள் அருந்ததியர் பெண் என்பதால், அவள் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஊர்க்காரர்கள் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் அவர்களைக் கண்டிப்பதற்குப் பதிலாக அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். நாம் ‘வேலைக்குத் திரும்புவது’ இப்படித்தான் இருக்கிறது. வேலை கிடைத்த பிறகும் வாசலில் ஊர் நிற்கிறது.

இவ்வளவையும் நம் தோழர்கள் கைதட்டிக் கேட்பார்கள். இனிமேல் சொல்வதற்குக் கை எழுமா தெரியவில்லை.

“எம் பொண்டாட்டி வேலைக்கிப் போயி சம்பாரிக்கணும்னு இல்ல, நான் ராணி மாதிரி வச்சிருக்கன்.” இந்த வசனத்தை நான் சாதி இந்து வீட்டில் கேட்கவில்லை. அரசு வேலையில் இருக்கிற, அண்ணல் படம் மாட்டியிருக்கிற நம் அண்ணன்மார் வீட்டில் கேட்கிறேன். இதன் வேர் எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவைக் களத்துமேட்டில் ஆண்டை கூப்பிட்ட கூப்பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் மனைவி யார் கண்ணிலும் படாமல் நிழலில் இருக்கட்டும் என்று நினைத்தான். அந்த நினைப்பில் வலி இருந்தது, மானம் இருந்தது. ஆனால் அண்ணே, அந்த நிழல் யார் வீட்டு நிழல்? பெண்ணை வாசப்படி தாண்டவிடாமல் வைப்பதைக் கௌரவம் என்று சொல்லிக்கொடுத்தது பார்ப்பனியம். அவன் தெருவுக்குள் நம்மை விடாதவனின் வழக்கத்தை நாம் சொந்தச் செலவில் வாங்கிவந்து சேரியில் நட்டுவைக்கிறோம். 1942இல் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் என்ன பேசினார்? பெண்கள் அடைந்த முன்னேற்றத்தை வைத்தே ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அளப்பேன் என்றார். மனைவி கணவனுக்குச் சமமான தோழியாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். அந்த மாநாட்டுப் பேச்சை எத்தனை அண்ணன்மார் வீட்டில் அண்ணியிடம் படித்துக் காட்டியிருப்பார்கள்?

“மொதல்ல சாதி ஒழியட்டும் தங்கச்சி, இதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்” என்பார்கள். இடஒதுக்கீட்டில் நமக்கு வந்த இடத்தில் உட்கார வேண்டியவள் அடுப்பங்கரையில் இருந்தால், அந்த இடம் யாருக்குப் போகும் என்று யோசித்தீர்களா? ஒரு தலைமுறை கல்வி வீணாவதும் சாதிக்குத்தான் லாபம்.

ஆகவே கேட்பதை நேராகவே கேட்கிறேன். பிள்ளை வளர்த்த காலத்தில் புதுப்பிக்காமல் விட்ட பதிவுக்கு மூப்பு போகக் கூடாது. ஒப்பந்தப் பெண்ணின் பேறுகாலத்தைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும். அங்கன்வாடி திறப்பதற்குள் நடவுக்காரி பாதி வயலை நட்டுவிடுகிறாள்; அவள் கிளம்பும் நேரத்துக்குத் திறக்கிற காப்பகம் சேரிக்குள் வேண்டும். இவையெல்லாம் அரசாங்கத்திடம்.

அண்ணன்மாரிடம் கேட்பது இதைவிடச் சின்னது. ஞாயிற்றுக்கிழமை நடக்கிற அமைப்புக் கூட்டத்துக்கு அண்ணி வரட்டும். அதிகாரிகளைக் கேட்கப் போகும் மனுவில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும். சின்னது அழுதால் நீங்கள் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். பால் பாட்டில் மஞ்சள் பையில் இருக்கும்.