75 விழுக்காடு: இடிப்பதற்கா, பழுதுபார்ப்பதற்கா?

புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் பாதையின் நீளம் 4 கிலோமீட்டர்தான். பயண நேரம் ஏறக்குறைய 5 நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை செல்லலாம். இதனால் யாருக்கு இலாபம் என்று கேட்டால், தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்களைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நகர மையத்தைச் சுற்றியுள்ள பழைய அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ரயில் நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறும். அந்த நிலத்தின் மேல் நிற்கும் கட்டடமோ ஆண்டுக்கு ஆண்டு நலிந்துகொண்டே போகிறது. இந்த இடைவெளிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

புக்கிட் சாகாரிலேயே ஒரு காலத்தில் அடுக்குமாடி வீடுகள் இருந்தன என்பது இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது.

நகர்ப்புறப் புதுப்பிப்புச் சட்ட மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கல் செய்யப்பட்டபோது நாடெங்கும் வாக்குவாதம் எழுந்தது. இப்போதைய சட்டப்படி, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கலைத்து மறுபடி கட்டுவதற்கு எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும். 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்துக்கு 75 விழுக்காட்டினரின் சம்மதமும், அதைவிடப் புதியவற்றுக்கு 80 விழுக்காட்டினரின் சம்மதமும் போதும் என்றது மசோதா. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் ஙா கோர் மிங் அதை முன்வைத்தார். எதிர்த்தவர்கள், மீதி 25 விழுக்காட்டினர் எங்கே போவார்கள் என்று கேட்டார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் 30 ஆண்டில் ஒரு கட்டடம் ஏன் இடிக்கத்தக்க நிலைக்கு வருகிறது என்பதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. என் கேள்வி அதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 வீடுகள் கொண்ட மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் மாதம் 40 ரிங்கிட் பராமரிப்புக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கட்டினால் மாதம் 12,000 ரிங்கிட் சேரும். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, இதற்கு மேல் ஒரு சேமநிதியையும் வைக்கச் சொல்கிறது. தொடக்கத்தில் அது கட்டணத்தில் பத்து விழுக்காடு. நம் கணக்கில் மாதம் 1,200 ரிங்கிட், ஆண்டுக்கு 14,400 ரிங்கிட். மின்தூக்கியை மாற்றுவதும் சுவருக்குச் சாயம் பூசுவதும் இந்த நிதியிலிருந்துதான் நடக்க வேண்டும். பாதிப் பேர் கட்டாவிட்டால் 7,200 ஆகிவிடும். மின்தூக்கி பழுதானால் ஐந்தாம் மாடிப் பாட்டி மருந்து வாங்கக்கூட இறங்க முடியாது. கட்டிவந்தவர்களும், "மின்தூக்கியே ஓடவில்லை, எதற்குக் கட்ட வேண்டும்?" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பிறகு குப்பை அள்ளுவது தாமதமாகும், கால்வாய் அடைபடும், தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அது முழுக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். முடிந்தவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு தாமானுக்குப் போகிறார்கள். முடியாதவர்கள் தங்கிவிடுகிறார்கள்.

பக்கத்து நாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது ஜொகூர்க்காரர்களின் பழக்கம். எனக்கும் அது உண்டு. அங்கே 2007-இல் அறிவிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காடு வாக்களித்தால் ஒரு புளோக்கில் பழுதுபார்ப்பு தொடங்கும். செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. அதே 75 விழுக்காடு, அங்கே பழுதுபார்க்க. இங்கே இடித்துக் கட்ட. சிங்கப்பூரின் பணபலம் நமக்கில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதலில் எதற்கு வாக்குக் கேட்பது என்பதைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

செகெட் ஆற்றின் கதையும் இதற்குப் பொருந்தும். ஜாலான் வோங் ஆ ஃபூக் ஓரம் ஓடிய அந்த ஆறு நாறியபோது, அதன்மேல் கான்கிரீட் போட்டு மூடினார்கள். ஆறு கண்ணுக்குத் தெரியாமல் போனதே தவிர, அசுத்தம் அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னர் மறுபடி திறந்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்த பிறகே அங்கே உட்கார முடிந்தது.

இளையோர் என்ன செய்யலாம் என்று கேட்கலாம். கோத்தோங் ரோயோங் நல்லதுதான்; ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பெருக்கியதால் சேமநிதி நிறையாது. உங்கள் அடுக்குமாடியின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தால், படம் பிடித்து வீட்டில் காட்டுங்கள். போதிய ஆள் வராவிட்டால், அரை மணி நேரம் கழித்து வந்திருப்பவர்களை வைத்தே கூட்டம் நடக்கும். பத்துப் பேர் முந்நூறு வீட்டுக்கும் முடிவெடுத்துவிடலாம். கட்டணம் பாக்கி வைத்தவர்களுக்கு அங்கே வாக்கில்லை. வர முடியாத தாத்தா தம் வாக்கைப் பதிலாளிக்கு எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளியாகலாம். கணக்கு வழக்கில் தகராறு வந்தால் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கோ இதில் எந்த வாக்கும் கிடையாது. பழைய அடுக்குமாடிகளில் நம்மவர்கள் பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள். 75 விழுக்காடு, 80 விழுக்காடு என்று எண்ணும்போது அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மசோதா விவாதம் எந்த வடிவில் தொடர்ந்தாலும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அவர்களுக்கு மாற்று வீடு எங்கே, எத்தனை மாதத்தில், எந்த வாடகையில் என்பதைத்தான்.