உயிருள்ள எலிதான் வேண்டும் என்பது பொய்

பாம்பு செத்ததைத் தொடாது என்ற பேச்சு மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. அதை நம்பி, மலைப்பாம்பு வளர்க்கும் பையன்கள் கண்ணாடித் தொட்டிக்குள் உயிருள்ள எலியை இறக்கிவிட்டுச் சுற்றி நின்று கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். கேட்டால் இதுதான் இயற்கை என்கிறார்கள். இது இயற்கை இல்லை, கொடுமை.

காட்டில் செத்துக் கிடக்கும் பிராணிகளைப் பாம்புகள் தின்பதை ஆய்வாளர்கள் பல இனங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். பாம்பு தேடுவது வாசத்தையும் சூட்டையும்தான். நாக்கு அள்ளிவரும் வாசத்தை மேல்வாயிலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு அறிகிறது. மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் இரையின் உடற்சூட்டை உணர்கின்றன. இவை இரண்டும் இருந்தால் செத்த எலியையும் அது சுற்றி இறுக்கித்தான் விழுங்கும்.

காட்டில் எலிக்கு ஓட வளை உண்டு, பாம்புக்கு விலகிப் போக இடம் உண்டு. தொட்டியில் இரண்டுக்கும் வழியில்லை. சட்டை உரிக்கும் சமயத்தில் பாம்புக்குப் பசி இருக்காது. அப்போது இரவு முழுக்க எலியை உள்ளே விட்டுவைத்தால், எலிதான் பாம்பைக் கடிக்கும். முதுகுச் சதையை எலும்பு தெரியக் கொறித்த காயங்கள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

தோட்டத்து எலியைப் பிடித்துப் போடுவது இன்னும் மோசம். செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அதைத் தின்ற எலி அன்றே சாகாது, சில நாள் ஓடித் திரியும். நல்ல எலி என்று நினைத்துத்தான் பையன்கள் அதைப் பிடிக்கிறார்கள். எலி பிடிக்கவென்றே நம் செம்பனைத் தோட்டங்களில் பெட்டிக்கூடு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். அந்த ஆந்தைகளே மருந்துண்ட எலியைத் தின்று செத்திருக்கின்றன, ஏனென்றால் எலியின் ஈரலில் மருந்து தங்கிவிடுகிறது. செல்லமாக வளர்க்கும் பாம்புக்கு அப்படிப்பட்ட எலியைக் கொடுக்கலாமா? பிடிக்கிறவனுக்கும் ஆபத்து உண்டு. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியாக மனிதனுக்குத் தொற்றி உயிரையே வாங்கக்கூடியது.

தீனிக்கென்றே வளர்த்து, கொன்று, உறையவைத்து விற்கும் எலிகள் இருக்கின்றன. அதுவும் சாவுதான், மறுக்கவில்லை. ஆனால் வேட்டையாடும் பிராணியோடு ஒரே பெட்டியில் அடைபட்டு நடுங்கும் நிலை அந்த எலிக்கு வருவதில்லை.

செய்முறை எளிது. பாம்பின் உடல் பருமனை மிஞ்சாத எலியாகப் பார்த்து எடுங்கள். முதல் நாள் இரவே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். உள்வரை உருகியதும் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பனிக்கட்டியாக இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு நீண்ட இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டிக் காட்டுங்கள். தொடவில்லையென்றால் எடுத்து எறிந்துவிடுங்கள், திரும்ப உறையவைக்காதீர்கள். உறைந்தாலும் சால்மொனெல்லா கிருமி சாகாது, அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உயிருள்ள இரைக்குப் பழகிய பாம்பு சில வாரம் முரண்டு பிடிக்கலாம். நல்ல உடம்புள்ள பெரிய பாம்பு அந்தப் பட்டினியைத் தாங்கும்.

தோட்டத்தில் அகப்பட்ட மலைப்பாம்பை வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு குற்றம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். உரிமத்தோடு முறையாக வளர்க்கிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.