முடிக்கொத்து நோய்: பக்கத்து மனையில் நிற்கும் வாழையையும் வரைபடத்தில் குறியுங்கள்

வாழையில் வைரஸ் நோய் அடுத்து எங்கே பரவும் என்பதை முன்கூட்டியே காட்டும் ஆபத்து வரைபடங்கள் பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. செயற்கைக்கோள் படம், ட்ரோன், செல்போன் செயலி என்று பல வழிகளில் முயற்சி நடக்கிறது. முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, பாலவேடு பக்கத்தில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ வாழை வைத்திருக்கும் உங்களுக்கு இதனால் என்ன பயன்? வரைபடம் மிகவும் பயன்படும். ஆனால் அதை வானத்திலிருந்து எடுக்க முடியாது. உங்கள் தெருவில் நடந்துதான் போட வேண்டும்.

நான்கு வைரஸ் நோய்கள் வாழையைத் தாக்குகின்றன. முடிக்கொத்து நோய், பூமடல் தேமல், வாழைக்கோடு வைரஸ், வெள்ளரித் தேமல். இவற்றில் தோட்டத்தையே காலி செய்யக்கூடியது முடிக்கொத்து நோய். இலைக்காம்பிலும் நடு நரம்பிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரிவதுதான் முதல் அடையாளம். பிறகு வரும் இலைகள் குறுகி, ஓரம் மஞ்சளாகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இளம் வயதில் தாக்கினால் தார் வராது. ஒரு மரத்துக்கு வந்தால் அந்தத் தூரில் வெடிக்கும் பக்கக்கன்றுகளுக்கும் வந்துவிடும். குணப்படுத்த மருந்து கிடையாது.

இந்த நோய் என்ன செய்யும் என்பதைப் பழனி கீழ்மலைப் பகுதி பார்த்துவிட்டது. விருப்பாச்சி, சிறுமலை ரக மலைவாழை ஒரு காலத்தில் சுமார் 18,000 எக்டேரில் இருந்தது. 1970களுக்குப் பிறகு அது 2,000 எக்டேர் அளவுக்குச் சுருங்கியது. முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்த பழம் அது. புவிசார் குறியீடு கிடைத்தபோது பயிர் பெரும்பாலும் போயிருந்தது. அங்கே காபித் தோட்டத்துக்குள் வாழைத்தூர்கள் பல ஆண்டுகள் அப்படியே நின்றன. அந்தத் தூர்களிலிருந்தே கன்று எடுத்து அடுத்த தோட்டத்தில் நட்டார்கள். நோய் உள்ள தூரும் வெட்டப்படாமல் நின்றது, அதன் கன்றும் கைமாறிக்கொண்டே இருந்தது.

சென்னையின் மேற்குப் புறநகரில் மலையும் இல்லை, காபியும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் வெட்டப்படாமல் நிற்கும் வாழைத்தூர் இங்கேயும் இருக்கிறது. மனை போட்டு விற்ற நிலத்தின் மூலையில், வீட்டுப் புறக்கடைக் கழிவுநீர் வாய்க்கால் ஓரத்தில், காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் பாருங்கள். யாரும் மருந்து அடிப்பதில்லை, யாரும் கவனிப்பதும் இல்லை. உங்கள் வயலில் நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அசுவினிக்குப் பட்டாவும் தெரியாது, சர்வே கல்லும் தெரியாது.

இந்த நோயைத் தோட்டத்துக்குள் பரப்புவது வாழை அசுவினி. கரும்பழுப்பு நிறத்தில் சிறியதாக இருக்கும்; குருத்துக்குள்ளும் அடிமட்டை இடுக்கிலும் தங்கும். எறும்பு ஏறும் இடத்தில் தேடினால் கிடைக்கும். நோயுள்ள மரத்தில் சில மணி நேரம் சாறு உறிஞ்சினால் போதும், பிறகு வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமக்கும். அரிவாளால் இந்த நோய் பரவாது. கத்தியைக் கழுவிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அசுவினி எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? இதை ஆஸ்திரேலியாவில் அளந்திருக்கிறார்கள். அங்கே 1913-ல் ஃபிஜியிலிருந்து வந்த நோய், 1920களின் நடுவில் வாழைத் தொழிலையே படுக்க வைத்தது. 1970களில் நடந்த ஆய்வில், புதிதாக நோய் கண்ட மரங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பக்கத்து நோய்மரத்திலிருந்து 20 மீட்டருக்குள், அதாவது சுமார் 65 அடிக்குள் இருந்தன. 99 சதவீதம் 86 மீட்டருக்குள், சுமார் 280 அடிக்குள் இருந்தன. நம் கணக்கில் பாருங்கள். 40-க்கு 60 அடி கிரவுண்டு மனையின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம் 65 அடி. சதுரமான ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. ஆக, வேலிக்கு அந்தப்பக்க மனையில் நிற்கும் நோய்த்தூரும் உங்கள் வயலில் நிற்பது போலத்தான்.

அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள். நோய்த்தோட்டத்தை ஒட்டிப் புதிதாக நட்டால், முதல் 12 மாதத்துக்குள் நோய் வரும் வாய்ப்பு 88 சதவீதம். 50 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் இடைவெளி இருந்தால் 27 சதவீதம். ஒரு கிலோமீட்டர் தள்ளி நட்டால் 5 சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஊர் நம்மைவிடக் குளிர்ச்சியானது; நம் வெக்கைக்கு எண்கள் கொஞ்சம் மாறலாம். ஆனால் கிட்டத்தில் இருப்பதுதான் பெரிய ஆபத்து என்பது மாறாது.

அசுவினி அடிக்கணக்கில் நகர்த்துகிறது. லாரி கிலோமீட்டர் கணக்கில் நகர்த்துகிறது. இலங்கையிலிருந்து 1940 வாக்கில் திருவிதாங்கூருக்குள் இந்த நோய் நுழைந்ததே நடவுப்பொருளோடுதான். 1959-ல் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட சில மாநிலங்களிலிருந்து வாழைக்கன்று வெளியே போகக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. தடை மாநில எல்லைக்குத்தான். மாநிலத்துக்குள் ஒரு மாவட்டத்தில் வெட்டிய கன்று இன்னொரு மாவட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். என் கருத்தில் நம் வரைபடங்களில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். தட்பவெப்பம், மழை, வாழைப் பரப்பு எல்லாம் குறிக்கிறார்கள், கன்று எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைக் குறிப்பதில்லை.

அதனால் நீங்கள் போடும் வரைபடத்தில் அது இருக்கட்டும். உங்கள் சர்வே எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் புல வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வெள்ளைத்தாளில் தெருவையும் வாய்க்காலையும் வரையுங்கள். வாழை நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள். வயல், புறக்கடை, கோயில், காலி மனை எதையும் விடாதீர்கள். ஒவ்வொரு தோட்டத்தின் பக்கத்திலும் கன்று வந்த ஊர், நட்ட மாதம் இரண்டையும் எழுதுங்கள். அடையாளம் தெரியும் தூருக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி 65 அடிக்கு ஒரு வட்டம், 280 அடிக்கு ஒரு வட்டம் போடுங்கள்.

இப்போது தாளைப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் வயல் முழுக்க இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒரே சமயத்தில் நட்ட கன்றுகளில் இருந்தால் நோய் கன்றோடு வந்திருக்கிறது. அந்த இடத்தில் மறுபடி கன்று வாங்காதீர்கள். அதே லோடில் வாங்கிய மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். புள்ளிகள் ஒரு வேலி ஓரத்தில் நெருங்கி, உள்ளே போகப் போகக் குறைந்தால் அசுவினி கொண்டுவந்தது. அந்த வேலிக்கு அப்பால் போய்த் தேடுங்கள், மூலத்தூர் அங்கே இருக்கும். உள்ளே நிற்பதை மட்டும் பிடுங்கினால் மறுபடி வரும்.

நோய் தொற்றிய பிறகு அடையாளம் தெரிய ஒரு மாதமாவது ஆகும், சில சமயம் இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். எனவே வரைபடம் எப்போதும் கொஞ்சம் பழையதுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுற்றி வந்து திருத்துங்கள். சிறிய வட்டத்துக்குள் நிற்கும் பச்சைப்பசேல் மரத்திலிருந்து கன்று எடுக்கவே வேண்டாம்.

தூரை அகற்றும்போது வரிசை முக்கியம். முதலில் குருத்திலும் அடிமட்டையிலும் மருந்து அடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். அசுவினி இருக்கும்போதே வெட்டினால் அது அடுத்த மரத்துக்குப் போய்விடும். பிறகு கிழங்கோடு, சின்னக் கன்றோடு முழுவதும் தோண்டி, துண்டாக்கிப் புதையுங்கள். விட்டுப்போன கிழங்குத் துண்டு துளிர்த்தால் நோயும் துளிர்க்கும். மண்ணில் இந்த வைரஸ் தங்காது. சுற்றுப்புறம் சுத்தமானால் அதே இடத்தில் மறுபடி நடலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இலை விற்பவராக இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள், சாப்பாடு அதில்தான் விழுகிறது.

கடினமான இடம் காலி மனைதான். மனைக்காரர் எங்கோ இருப்பார், அவருக்கு வாழை ஒரு பொருட்டே இல்லை. 1919-ஆம் ஆண்டின் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. ஒரு நோயை அரசு அறிவிக்கை செய்தால், நிலத்தை வைத்திருப்பவர் நோய்ச்செடியை அகற்றியே ஆக வேண்டும். ஆஸ்திரேலியா மீண்டது இப்படிப்பட்ட கட்டாயத்தால்தான். கைவிட்ட தோட்டங்களையும் விடாமல் அழித்தார்கள். இங்கே அறிவிக்கைக்காகக் காத்திருந்தால் ஒரு போகம் போய்விடும். நாலைந்து விவசாயிகள் சேர்ந்து, வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மனைக்காரரிடம் பேசுங்கள். வெட்டும் வேலையை நாங்களே செய்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

புதிதாக நடுபவர்கள் திசு வளர்ப்புக் கன்று வாங்கினால், வைரஸ் பரிசோதனை செய்த சான்று அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் திசு வளர்ப்புச் செடிச் சான்றளிப்பு முறை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாய்ச்செடியைப் பரிசோதிக்காமல் ஆய்வகத்தில் பெருக்கினால், நோயும் ஆயிரக்கணக்கில் பெருகும். அடையாளம் சந்தேகமாக இருந்தால் இலைக்காம்பின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து, வரைபடத்தோடு திரூருக்குக் கொண்டுபோங்கள். உறுதியாகத் தெரியும் வரை அந்தத் தூரில் இலை அறுக்காதீர்கள், கன்றும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.