காது கொடுக்காமல் காசு கொடுப்பவர்கள்

போன வாரம் சென்னையிலிருந்து வந்த பேரன், தன் கம்பெனிக்கு முதலீடு கேட்கப் போன கதையைச் சொன்னான். 'வென்ச்சர் கேப்பிட்டல்' என்கிறார்கள். ஈடும் வட்டியும் கேட்காமல், பங்கு வாங்கிக்கொண்டு பணம் போடுகிறவர்கள். "பத்து நிமிஷம் கொடுத்தாங்க தாத்தா. அதுல எட்டு நிமிஷம் அவரே பேசிட்டாரு" என்றான்.

எனக்கு ஒரு பழைய ஃபைல் ஞாபகம் வந்தது. நான் கடன் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தபோது, நாகல் நகர்ப் பக்கத்துப் பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். ஆர்டர் கையில் இருக்கிறது, தகடு வாங்கத்தான் பணமில்லை என்று ஆரம்பித்தார். அதிகாரி முடிக்க விடவில்லை. "திட்டத்துல மிஷினுக்குத்தான் கடன்" என்றார். மிஷின் வந்தது, தகடு வரவில்லை. மூன்று வருஷத்தில் பட்டறையை மூடிவிட்டார். அந்தக் குறிப்பை எழுதியவன் நான். அவர் சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது அவர் முகம்தான் முன்னால் நின்றது.

காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் நான். அந்த மொழியில் காதில் விழுவதற்கு 'ஆந்தாந்த்ர்', காது கொடுத்துக் கேட்பதற்கு 'எகூத்தே'. மாற்றி எழுதினால் வாத்தியார் பிரம்பை எடுத்துவிடுவார்.

இந்த முதலீட்டுத் தொழிலின் தந்தை என்று சொல்லப்படும் ஜார்ஜ் தொரியோவும் பாரிஸில் பிறந்தவர்தான். 1946-இல் அமெரிக்காவில் ஏ.ஆர்.டி. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1957-இல் அது, டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனி தொடங்க வந்த இரண்டு இன்ஜினியர்களுக்கு 70,000 டாலர் போட்டது. வேடிக்கை என்னவென்றால், 'கம்ப்யூட்டர்' என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள் என்று அங்கே இருந்தவர்களே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். மேலே இருப்பவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று பயம். பிற்பாடு அந்தக் கம்பெனி பேர் வாங்கியதே கம்ப்யூட்டரில்தான்!

நம் பக்கத்துத் திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம், அமெரிக்காவிலிருந்து வரும் வழியில் உடைந்த டிவிக்கு நஷ்டஈடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தார். பொதுவில் எழுதிய பிறகே பதில் வந்தது. வாடிக்கையாளர் குறையைக் கேட்டுத் தீர்க்கும் மென்பொருளுக்காகவே 2010-இல் சென்னையில் கம்பெனி தொடங்கினார். அவர் சொன்னதைக் கேட்டு 2011-இல் ஆக்செல் பத்து லட்சம் டாலர் போட்டது. 2021-இல் அந்தக் கம்பெனி அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் வரை போயிற்று.

வட்டிக்கடைக்காரராவது ஈட்டை விற்றுத் தேற்றிக்கொள்வார். பங்கு வாங்குகிறவருக்கு அந்த வழியில்லை. யார் வாங்குவார்கள், எதற்காக வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் அவர் பணத்துக்கே காவல் என்பது என் கட்சி.

பேரனை உட்காரவைத்து முழுசாகச் சொல்லச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினான். பாதி புரியவில்லை. அடுத்த மாதம் இன்னொருவரைப் பார்க்கப் போகிறானாம்.